எபாக்சி பிரைமர் ஏன் உரிகிறது? கலப்பதிலும் அடிப்பதிலும் நேரும் கோளாறுகளுக்கு ஓர் எளிய விளக்கம்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளிலும், கிருஷ்ணகிரி, தருமபுரிச் சாலையோரங்களில் இரும்புக் கதவும் டிராக்டர் டிரெய்லரும் செய்து கொடுக்கும் வெல்டிங் பட்டறைகளிலும், இரும்புக்கு முதல் பூச்சாக முன்பு ரெட் ஆக்சைடு அடித்த வேலைகள் பலவற்றுக்கு இப்போது எபாக்சி பிரைமர் கேட்கிறார்கள். இரும்பைக் கெட்டியாகப் பற்றிக்கொள்வதிலும், எண்ணெய், உப்புநீர், ரசாயனம் ஆகியவற்றைத் தாங்குவதிலும் அது ரெட் ஆக்சைடைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் புகார்களும் கூடவே வருகின்றன. அடித்து ஒரு வாரம் ஆகியும் நகம் பதிகிறது. மேல்கோட் அடித்த பிறகு தாள் தாளாக உரிகிறது. பரப்பெங்கும் சிறு குழிகள் விழுகின்றன. காரணம் கேட்டால், சரக்கு டூப்ளிகேட் என்பார் ஒருவர். அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரை இன்னும் கொஞ்சம் ஊற்றியிருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். தின்னர் கூடிவிட்டது என்பார் மற்றொருவர்.

போலிச் சரக்கு சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலான கோளாறுகள் டின்னைத் திறந்த பிறகுதான் தொடங்குகின்றன. எபாக்சி பிரைமரையும் மற்ற பெயிண்டுகளைப் போலக் காற்றில் காய்கிற ஒரு பொருளாக எண்ணிக் கையாள்வதே அவற்றுக்கு வேர். ஸ்ப்ரே கன்னைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களும், பெயிண்டரிடம் வேலையைக் கொடுத்துவிட்டுச் சரிபார்க்க வேண்டியவர்களும் அந்த வேரைப் புரிந்துகொண்டால், மேலே சொன்ன புகார்களில் பாதிக்கு மேல் தாமாகவே குறைந்துவிடும்.

## காய்வது வேறு, இறுகுவது வேறு

மண்ணைக் குழைத்துப் பூசிய சுவரையும் சிமெண்ட் பூசிய சுவரையும் எண்ணிப் பாருங்கள். மண்சுவர் தண்ணீர் வெளியேறுவதால் கெட்டிப்படுகிறது; அடைமழை பிடித்தால் மீண்டும் கரைந்து சேறாகிறது. சிமெண்ட் அப்படியன்று. அது தண்ணீரோடு வினைபுரிந்து வேறொரு பொருளாகவே மாறிவிடுகிறது. அதனால்தான் பூச்சு முடிந்த பிறகும் கொத்தனார் அதை நாள்கணக்கில் நனைத்துக்கொண்டே இருக்கிறார். பிடிக்கத் தொடங்கிவிட்ட சிமெண்ட் கலவையில் மேலும் தண்ணீர் விட்டுக் குழைத்தால் கரண்டிக்கு இளகி வரும், பூசவும் முடியும். ஆனால் அந்தப் பூச்சு நிற்காது.

மரச்சாமானுக்கும் வாகனத்துக்கும் அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் மண்சுவரின் வகை. தின்னர் ஆவியாகிப் போனதும் பிசின் எஞ்சி நிற்கிறது. அதன்மேல் மீண்டும் தின்னர் பட்டால் கரைந்துவிடும். ரெட் ஆக்சைடு இடைப்பட்டது: முதலில் கரைப்பான் ஆவியாகிறது, பிறகு அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு கெட்டிப்படுகிறது. எபாக்சி பிரைமரோ முழுக்க முழுக்கச் சிமெண்டின் வகை.

அது இரண்டு டின்களாக வருவதற்குக் காரணமும் இதுவே. பெரிய டின்னில் இருப்பது பேஸ்: எபாக்சிப் பிசினும், நிறமிகளும், துருவைத் தடுக்கும் ஜிங்க் பாஸ்பேட் போன்ற பொடிகளும், கரைப்பானும் சேர்ந்த கலவை. சிறிய டின்னில் இருப்பது ஹார்டனர். பெரும்பாலும் அமீன் அல்லது பாலிஅமைடு வகையைச் சேர்ந்தது. எபாக்சி மூலக்கூறின் முனைகளில் இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த சிறு வளையங்கள் உள்ளன. நெருக்கி மடக்கப்பட்டது போன்ற அமைப்பு என்பதால் அவை எளிதில் திறந்துகொள்ளும். ஹார்டனரிலுள்ள அமீன் அந்த வளையத்தைத் திறந்து அங்கேயே பிணைந்துகொள்கிறது. ஒவ்வொரு ஹார்டனர் மூலக்கூறும் பல எபாக்சி மூலக்கூறுகளைப் பிடிப்பதால், தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தவை எல்லாத் திசைகளிலும் இணைந்த ஒரே வலையாகின்றன. இந்த இணைப்புக்குக் குறுக்குப்பிணைப்பு என்று பெயர். வலை முழுமையாகப் பின்னப்பட்ட பிறகு எந்தத் தின்னராலும் அதைக் கரைக்க முடியாது. ஊறவைத்து உப்பச் செய்யலாம், அவ்வளவே.

ஆகவே அடித்த படலத்துக்குள் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கரைப்பான் வெளியேறுவது ஒன்று. வலை பின்னப்படுவது மற்றொன்று. முதலாவது சில மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும், கையில் ஒட்டாது. இரண்டாவது முடிய 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். கையில் ஒட்டவில்லை என்பதை வைத்து இறுகிவிட்டது என்று முடிவு செய்து அடுக்கி, கட்டி, லோடு ஏற்றுவதால் வரும் சேதத்துக்குச் சரக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

## அளவு: கூடினாலும் குற்றம்

சிமெண்ட் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. கலவையில் சிமெண்டைச் சற்றுக் கூட்டினால் பூச்சு கெட்டியாகும் என்று கொத்தனார் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஹார்டனருக்கு அது பொருந்தாது. எத்தனை எபாக்சி வளையங்கள் உள்ளனவோ அத்தனைக்கு ஈடான அமீன் பிணைப்பிடங்கள்தான் தேவை. குறைந்தால், பிடிக்க ஆளில்லாத எபாக்சி மூலக்கூறுகள் படலத்தில் அப்படியே தங்கி அது இளகலாகவே இருக்கும். கூடினால், இணை கிடைக்காத ஹார்டனர் மூலக்கூறுகள் எஞ்சி நிற்கும். அவை ஈரத்தை இழுக்கும், மேலே எழுந்து பிசுக்காகப் படரும், மேல்கோட்டை ஒட்டவிடாது. சீக்கிரம் காயட்டும் என்று ஒரு மடக்கு ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். வினையை விரைவுபடுத்த வெப்பம்தான் வழி.

டின்னின் மேல் 4:1, 3:1, 1:1 என்று கலவை விகிதம் அச்சிடப்பட்டிருக்கும். அது கன அளவா, எடையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெயிண்டுகளில் கன அளவே. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். நிறமிப் பொடிகள் நிறைந்த பேஸ் ஒரு லிட்டர் 1.45 கிலோ என்றும், ஹார்டனர் ஒரு லிட்டர் 0.95 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். 4 லிட்டர் பேஸ் 5.8 கிலோ, அதற்கு வேண்டிய ஹார்டனர் 1 லிட்டர், அதாவது 0.95 கிலோ. கன அளவில் 4:1 என்பது எடையில் ஏறத்தாழ 6:1 ஆகிவிடுகிறது. இதை அறியாமல் தராசில் வைத்து நான்குக்கு ஒன்று என்று நிறுத்துக் கலப்பவர் 1.45 கிலோ ஹார்டனரை ஊற்றியிருப்பார். தேவையைப் போல ஒன்றரை மடங்கு. மிகத் துல்லியமான தராசில், மிகக் கவனமாக, முற்றிலும் தவறான கலவை தயாராகிவிடும்.

கண்ணளவும் ஏற்றதன்று. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை போதும். இல்லையென்றால், பக்கங்கள் செங்குத்தாக உள்ள டின்னில் ஓர் எஃகு ஸ்கேலை நிறுத்தி, பேஸ் 8 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை ஊற்றி, அதன்மேல் ஹார்டனரை 10 சென்டிமீட்டர் கோட்டைத் தொடும்வரை ஊற்றினால் 4:1 சரியாக அமையும். அடி குறுகிய வாளியில் இந்த முறை பிசகும்.

அளப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். பல மாதங்கள் அலமாரியில் நின்ற பேஸ் டின்னைத் திறந்து, ஒரு தட்டைப் பட்டையை அடிவரை இறக்கி வழித்து எடுத்துப் பாருங்கள். மேலே நீர்த்த சாம்பல் நிறத் திரவம். பட்டையின் நுனியிலோ களிமண் போல அப்பிய ஒரு கட்டி. அந்தக் கட்டிதான் துருவைத் தடுக்கும் பொடி. அதைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றினால், பொடியும் போய்விடும், விகிதமும் போய்விடும். அந்தத் திரவத்தில் பிசின் கூடுதலாக இருப்பதால் ஹார்டனரும் போதாமல் ஆகும். டின்னின் அடி வழவழப்பாகும்வரை கலக்கிய பிறகே அளக்க வேண்டும். ஹார்டனர் சேர்த்த பிறகு விளிம்பையும் அடியையும் வழித்து வழித்து மூன்று, நான்கு நிமிடம் கலக்கி, முழுவதையும் வேறொரு சுத்தமான டின்னுக்கு மாற்றி மீண்டும் ஒருமுறை கலக்குவது நல்லது. சுவரில் ஒட்டிய கலக்காத பேஸ், கடைசிக் கப்பில் வந்து இறங்கும். ஒரு வண்டியின் வேலையில் ஒரே ஒரு கதவு மட்டும் காயாமல் நிற்பதன் மர்மம் பெரும்பாலும் அதுவே.

சுருங்கச் சொன்னால்: அடிவரை கலக்கு, எடையா கன அளவா என்று பார், அளந்து ஊற்று, டின் மாற்றிக் கலக்கு. ஹார்டனரைக் கூட்டுவது எந்தக் கோளாறுக்கும் மருந்தன்று.

## ஊறும் நேரமும் பாட் லைஃபும்

கலந்தவுடன் கன்னில் ஊற்றலாமா என்பது சரக்கைப் பொறுத்தது. பல எபாக்சி பிரைமர்களுக்குக் கலந்தபின் 15 முதல் 30 நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொல்வார்கள். இதை ஊறும் நேரம் என்று குறிப்பிடலாம். பேஸும் ஹார்டனரும் கலந்த கணத்தில் ஒன்றோடொன்று முழுதாக இசைவதில்லை. வினை சிறிது தொடங்கிய பிறகே இரண்டும் ஒரே திரவமாக நடந்துகொள்ளும். அந்த அவகாசம் கொடுக்காமல் அடித்தால், ஹார்டனரின் ஒரு பகுதி பிரிந்து மேற்பரப்புக்கு வந்து பிசுக்காகும் வாய்ப்பு கூடுகிறது. ஊறும் நேரம் தேவையில்லாத சரக்கும் உண்டு. தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டா ஷீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கலந்த பொருள் அடிக்கத் தகுதியாக இருக்கும் காலம் பாட் லைஃப். இதைப் பற்றிய குழப்பம் நம் பகுதியில் அதிகம் இருப்பதற்குத் தட்பவெப்பமும் ஒரு காரணம். பொதுவாக வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இந்த வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று கொள்ளலாம். 25 டிகிரியில் 6 மணி நேரம் என்று டின்னில் போட்டிருந்தால், 35 டிகிரியில் அது ஏறக்குறைய 3 மணி நேரமே. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் ஜனவரிக் காலையிலும், கீழே தருமபுரியில் ஏப்ரல் மதியத்திலும் ஒரே சரக்கைக் கலந்தால், இரண்டும் இரண்டு விதமாக நடக்கும். ஓசூரில் நல்ல பிரைமர் என்று பெயரெடுத்தது தருமபுரியில் கன்னுக்குள்ளேயே இறுகிவிட்டது என்று சொல்லப்படும்போது, இரண்டு பெயிண்டர்களும் உண்மையையே சொல்கிறார்கள்.

அளவும் இதைப் பாதிக்கும். வலை பின்னப்படும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் கலவையைவிடப் பத்து லிட்டர் கலவையில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, வினையை மேலும் விரட்டும். கோடையில் ஒரு மணி நேரத்தில் அடித்து முடிக்கக்கூடிய அளவை மட்டும் கலந்து, மீண்டும் கலந்துகொள்வதே சிக்கனம்.

பாட் லைஃப் முடிந்ததும் கலவை தடிக்கத் தொடங்கும். அப்போது தின்னர் ஊற்றி இளக்குவது, பிடித்த சிமெண்டில் தண்ணீர் விடுவதற்குச் சமம். கன்னிலிருந்து அழகாகவே வெளிவரும். ஆனால் இரும்பை நனைத்துப் பற்ற வேண்டிய மூலக்கூறுகள் டின்னிலேயே ஒன்றையொன்று பற்றிக்கொண்டுவிட்டன. அப்படி அடித்த படலம் பார்வைக்குக் குறையின்றி இருந்து, சில மாதங்களில் விளிம்பிலிருந்து தோலாகக் கழலும். நேரம் கடந்த கலவையைக் கீழே கொட்டத்தான் வேண்டும். அதன் விலை மறுபடி தேய்த்து அடிக்கும் கூலியை நெருங்காது.

## தின்னர்

தின்னரின் வேலை கன்னின் துளையில் புகும் அளவுக்குக் கலவையை இளக்குவது மட்டும். அது வினையில் சேர்வதில்லை, சேரக் கூடாது. எபாக்சித் தின்னரில் சைலீன், பியூட்டனால், கீட்டோன் வகைகள் போன்றவை, பிசினைக் கடைசிவரை கரைசலில் வைத்திருந்து சீராக ஆவியாகும்படி சேர்க்கப்பட்டிருக்கும். கையிலிருக்கும் என்.சி. தின்னரை ஊற்றினால் அதன் வேகமான பகுதி கன்னுக்கும் இரும்புக்கும் இடையிலேயே பறந்துவிடும். எஞ்சியது பிசினைச் சரியாகக் கரைக்காது. படலம் சொரசொரப்பாகும், சில சமயம் பிசின் திரிந்து வரும்.

பேஸையும் ஹார்டனரையும் முதலில் கலந்து, ஊறவைத்து, அதன்பின் தின்னரைச் சேர்ப்பதே பொதுவான முறை. எவ்வளவு என்பதற்கு போர்டு கப் பி4 என்ற சிறிய அளவுக்கோப்பை உதவும். விரலால் அடித்துளையை அடைத்து நிரப்பி, விரலை எடுத்ததும் நூல் போல ஒழுகும் கலவை எத்தனை விநாடியில் அறுந்து சொட்டாகிறது என்று எண்ண வேண்டும். சாதாரணக் கன்னுக்கு ஏறத்தாழ 18 முதல் 25 விநாடி பொருந்தும். ஓசூர்க் குளிரில் கலவை இயல்பாகவே தடிப்பாக இருக்கும். அதைப் பார்த்துத் தின்னரை அள்ளி ஊற்றினால் அத்தனையும் படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். முந்தைய இரவே டின்களை மூடிய அறைக்குள் வைப்பது, அல்லது மூடிய டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்துவது போதும். அடுப்பின் அருகே கொண்டுபோகவே கூடாது.

## இரும்பின் மேற்பரப்பு

லேத்திலிருந்து வரும் பாகங்களில் கட்டிங் ஆயில், ஷீட்டில் கம்பெனி பூசிய துருத்தடுப்பு எண்ணெய், வெல்டிங் பட்டறையில் கைரேகை. இவற்றை அகற்றாமல் உப்புத்தாள் போட்டால், தேய்ப்பில் விழும் கீறல்களுக்குள் எண்ணெயை அழுத்தித் தேய்த்துவிட்டதாக ஆகும். ஆகவே முதலில் எண்ணெய் நீக்கம், பிறகு தேய்ப்பு, பிறகு மீண்டும் ஒரு துடைப்பு. டீசலும் மண்ணெண்ணெயும் பிசுக்கை எடுப்பது போலத் தோன்றினாலும் தாமும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்பவை. இறுதித் துடைப்புக்கு அவை ஆகா. கரைப்பானில் நனைத்த துணி ஒரு கையிலும் காய்ந்த துணி மறு கையிலும் வைத்துக்கொண்டு, ஈரம் ஆவியாவதற்கு முன்பே காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் கரைந்த எண்ணெய் அங்கேயே மீண்டும் படியும்.

சுத்தமாகிவிட்டதா என்பதற்குச் செலவில்லாத சோதனை உண்டு. பாகத்தின் மேல் நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். சுத்தமான இரும்பில் தண்ணீர் உடையாத ஒரே தாளாகப் பரந்து நிற்கும். எண்ணெய் உள்ள இடத்தில் தாமரை இலை மேல் போலத் திரண்டு விலகும். பார்த்த பிறகு உடனே துடைத்து உலர்த்திவிட வேண்டும்.

துருநீக்கி அமிலம் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமீன் காரத்தன்மை உடையது. பாஸ்பாரிக் அமிலம் கழுவப்படாமல் எஞ்சியிருந்தால் இரும்பை ஒட்டிய அடுக்கிலுள்ள ஹார்டனரை அதுவே பிடித்துக்கொள்ளும். மேலே கெட்டியாகவும் அடியில் இளகலாகவும் உள்ள பிரைமர் இப்படித்தான் உருவாகிறது. பளபளக்கும் கால்வனைஸ்டு ஷீட்டுக்கு, துத்தநாகப் பரப்புக்கென்று குறிப்பிட்ட பிரைமரையே வாங்க வேண்டும்.

## பனியும் பிசுக்கும்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிர்காலத்தில் அடிக்கும் வேலைகளில் மிகுதியாக வருவது இந்தக் கோளாறுதான். மாலையில் அடித்து வைத்த பாகத்தைக் காலையில் தொட்டால், மெழுகு தடவியது போல விரல் வழுக்கும். சாய்த்துப் பார்த்தால் மங்கலான வெண்படலம் தெரியும். காற்றிலுள்ள ஈரமும் கார்பன் டை ஆக்சைடும், இன்னும் எபாக்சியோடு சேராத அமீனோடு வினைபுரிந்து உண்டாக்கும் உப்பு அது. அமீன் பிசுக்கு என்பார்கள். குளிரில் வலை பின்னுவது மெதுவாகிறது. அதனால் அமீன் நெடுநேரம் தனித்து நிற்கிறது. அதே நேரத்தில் இரவின் ஈரமும் ஏறுகிறது. மூன்றும் ஒன்றுகூடும் காலம் அது.

இந்தப் பிசுக்கு தண்ணீரில் கரையும். தின்னரால் துடைத்தால் இங்கிருந்து அங்கே பரவுவதே மிச்சம். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் கொண்டு தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, அதன்பிறகே உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கைத் தேய்த்து உள்ளே ஏற்றியதாகிவிடும். அதன்மேல் அடித்த மேல்கோட்தான் பின்னர் தாள் தாளாக உரிகிறது.

அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. காற்றிலுள்ள ஈரம் ஒரு பரப்பில் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை பனிநிலை. இரும்பின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாகவும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழாகவும் இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் விதி. 25 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரமும் உள்ள காற்றில் பனிநிலை சுமார் 21 டிகிரி. அப்போது இரும்பு 24 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். இரவெல்லாம் வெளியில் கிடந்த கனமான இரும்பு, காலை பத்து மணிக்குக்கூடக் காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். காற்று கதகதப்பாகிவிட்டது என்பதை மட்டும் வைத்து அடித்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் அடித்தவர்களாவோம். குளிர்காலத்தில் முற்பகல் முடியும்போது தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுவது நம் பகுதிக்குப் பொருந்தும் நேரம்.

## கன்னும் காற்றும்

காம்பிரசர் டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். கன்னுக்கு முன் ஒரு வடிகட்டி கட்டாயம். பெயிண்ட் ஊற்றாத கன்னால் ஒரு வெள்ளைத் தாளின்மேல் ஒரு நிமிடம் காற்றை மட்டும் அடித்துப் பாருங்கள். ஈரப்புள்ளியோ மஞ்சள் எண்ணெய்த் தடமோ விழுந்தால், அதுவே பாகத்தின் மேலும் விழும். அதன் விளைவாக வருவதுதான் மீன்கண்: விளிம்பு சற்றுத் தடித்து, நடுவில் வெறும் இரும்பு தெரியும் வட்டக் குழி. டயர் பாலிஷ், சிலிக்கான் ஸ்ப்ரே ஆகியவற்றை அதே கொட்டகையில் பயன்படுத்தினாலும் வரும். மேலும் ஒரு கோட் அடித்து மூட முயல்வது பயன்தராது. துடைத்தெடுத்து எண்ணெயின் மூலத்தைத் தேட வேண்டும்.

பிரைமருக்கு 1.6 அல்லது 1.8 மில்லிமீட்டர் நாசில் பொருந்தும். பரப்பிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரம், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர். கன் பரப்புக்கு நேர்குத்தாக நிற்க, கை வளைந்து வீசாமல் பரப்புக்கு இணையாக ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டமும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். தூரம் கூடினால், அல்லது மதிய வெயில் காற்று அடித்தால், துளிகள் வழியிலேயே காய்ந்து பொடியாக விழும். உப்புத்தாள் போல் சொரசொரக்கும் இந்த உலர் தெளிப்பில் துளிகளுக்கிடையே வழி இருப்பதால், ஈரம் அதன் ஊடே இரும்பை எட்டிவிடும். மாறாக ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால், மேல்தோல் மூடிக்கொண்ட பிறகு அடியிலுள்ள கரைப்பான் ஊசித்துளை போட்டு வெளியேறும். வெயிலில் கிடந்து சுடும் ஷீட்டில் இது மிக எளிதாக நிகழும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே 10, 15 நிமிடம் விட வேண்டியது இதனால்தான்.

தடிமனை ஊகிக்கத் தேவையில்லை. ஈரத்தில் அளக்கும் சீப்பு போன்ற சிறு தகடு மலிவாகக் கிடைக்கிறது. சரக்கில் கன அளவில் 50 சதவீதம் மட்டுமே காய்ந்து நிற்கும் பொருள் என்றால், 10 சதவீதம் தின்னர் சேர்த்தபின் 60 மைக்ரான் உலர் தடிமன் வேண்டுமெனில் ஈரத்தில் சுமார் 130 மைக்ரான் அடிக்க வேண்டும்.

முகத்தில் கட்டிய துண்டு கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கார்பன் வடிகட்டி பொருத்திய மாஸ்க் வேண்டும். ஹார்டனர் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், வந்தபின் வாழ்நாள் முழுதும் தொடரலாம். கையுறை அணிய வேண்டும். கையைத் தின்னரில் கழுவுவது தோலைத் திறந்துவிடும் செயல்.

## உரிந்த துண்டைப் படிப்பது

கோளாறு வந்துவிட்ட பிறகு காரணத்தை வாக்குவாதத்தில் தேட வேண்டாம். உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் பழுப்பு நிறப் பொடி ஒட்டியிருந்தால் துருவின் மேல் அடித்திருக்கிறார்கள். முதுகு வழவழப்பாகவும் கீழே இரும்பு பளபளப்பாகவும் இருந்தால், எண்ணெய் அல்லது போதாத தேய்ப்பு, அல்லது நேரம் கடந்த கலவை. பிரைமர் இரும்பிலேயே நின்று மேல்கோட் மட்டும் வந்திருந்தால், பிசுக்கின் மேலோ, மேல்கோட் அடிக்க டேட்டா ஷீட் தரும் கெடு கடந்தோ அடித்திருக்கிறார்கள். துண்டு பிரைமரின் நடுவிலேயே பிளந்து இருபுறமும் ஒரே நிறம் தெரிந்தால், சிக்கிய கரைப்பான், உலர் தெளிப்பு, இறுகாத படலம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

இறுகியதா என்பதற்கு, ஒரு வாரம் கழித்து வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்து ஒரே இடத்தில் இருபது, முப்பது முறை அழுத்தித் தேய்க்கலாம். துணியில் லேசான சாயம் ஏறுவது இயல்பு. படலமே குழைந்து இரும்பு தெரிந்தால் வலை பின்னப்படவில்லை. குளிர் காரணமாகத் தாமதம் என்றால், வெதுவெதுப்பான இடத்தில் மேலும் சில நாள் வைத்து மறுபடி சோதிக்கலாம். அப்போதும் குழைந்தால் விகிதம் தவறியிருக்கிறது. விடுபட்ட ஹார்டனரை மேலே தடவியோ, நல்ல கோட் ஒன்றை அதன்மேல் அடித்தோ சரிசெய்ய வழியில்லை, சுரண்டி எடுக்கத்தான் வேண்டும்.

மேல்கோட் கெடு கடந்த, ஆனால் நன்றாக இறுகிய பிரைமருக்கு அந்தக் கதி இல்லை. கழுவி, உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, துடைத்து அடிக்கலாம். எபாக்சி வெயிலைத் தாங்காது. புற ஊதாக் கதிரில் அதன் மேற்பரப்பு சுண்ணாம்பு போல் பொடியாகும். ஆகவே வாரக்கணக்கில் முற்றத்தில் கிடந்த பிரைமர் அடித்த பாகங்களை, விரலில் பொடி ஒட்டாமல் போகும்வரை தேய்த்துவிட்டே பாலியூரித்தேன் மேல்கோட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.